தொடும் கையைக் குதிரை எப்படி நம்புகிறது?

குறிகாட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போனவர்கள் அங்குள்ள வெட்டைவெளிகளில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளைக் கண்டிருப்பார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. கிட்டப் போனால் விலகிவிடும். தூரத்தில் பொறுமையாக நின்று பார்த்தால் ஒரு காட்சி தெரியும். இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று, ஒன்றின் கழுத்தடியை மற்றது பற்களால் மெல்லக் கொறித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் இரண்டின் தலையும் தாழும், கண்கள் அரைவாசி மூடும்.

உண்ணி பொறுக்கும் வேலை மட்டும்தானா இது? பிரான்சின் தெற்கேயுள்ள கமார்க் பகுதிக் குதிரைகளை வைத்து இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, 1993 இல் முடிவை வெளியிட்டார்கள். குதிரைகள் ஒன்றையொன்று கொறிக்கும் அதே கழுத்தடியை மனிதக் கையால் அதேபோல் உரஞ்சிவிட்டபோது குதிரையின் இதயத்துடிப்புக் குறைந்தது. உடம்பின் வேறோர் இடத்தில் அதையே செய்தபோது குறையவில்லை. கழுத்தடிக்கு அருகே, இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் நரம்புத் தொகுதியின் முக்கியமான முடிச்சு ஒன்று இருக்கிறது. சரியான இடத்தில், சரியான விதத்தில் படும் தொடுகை பயந்த உடலை அமைதிப்படுத்தும் என்பதற்கு இது அளந்து பெற்ற சான்று.

இந்த அறிவை அடிப்படையாகக் கொண்ட தொழில் ஒன்று உலகின் பல நாடுகளில் இருக்கிறது. குதிரையின் தசைகளைக் கையால் நீவி, பிசைந்து, அழுத்தி, மூட்டுகளை மெல்ல அசைத்து இறுக்கத்தைத் தளர்த்தும் தொழில். எங்களில் பலருக்குக் குதிரையோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் பயந்துபோன ஓர் உடலை எப்படி அணுகுவது என்ற கேள்வி எங்களுக்குப் புதியது அல்ல.

பழைய கைவினை, புதிய தொழில்

கிரேக்கப் படைத்தலைவரும் எழுத்தாளருமான செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே குதிரை வளர்ப்புப் பற்றி ஒரு நூல் எழுதினார். குதிரையின் முதுகெலும்புப் பகுதியில் எந்தக் கருவியும் படக்கூடாது, உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே வெறும் கையால்தான் தேய்க்க வேண்டும் என்பது அதிலுள்ள அறிவுரைகளில் ஒன்று.

இது தனியான தொழிலாக உருவெடுத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். விளையாட்டு வீரர்களுக்கு மசாஜ் செய்துவந்த அமெரிக்கரான ஜக் மீகர் அதே முறையைக் குதிரைகளுக்கும் கொண்டுபோனார். 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் குதிரையேற்ற அணியோடு வேலை செய்தார். 1985 இல் குதிரைகளின் தசைக் காயங்கள் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் படிக்கப்படுகிறது. கனடாவில் பிறந்த லிண்டா ரெலிங்டன்-ஜோன்ஸ் வேறு வழியில் வந்தார். மனிதர்களின் உடலசைவுகளைச் சீர்செய்யும் முறை ஒன்றை உருவாக்கிய மோஷே பெல்டன்கிறைஸிடம் 1970 களில் பயின்ற அவர், அந்த அறிவைக் குதிரைகளுக்குப் பொருத்தினார். விரல் நுனிகளால் தோலை மெல்ல நகர்த்தி, ஒரு வட்டமும் கால் வட்டமும் போடுவது அவருடைய முறையின் அடிப்படை. மீகர் தசையின் ஆழத்துக்குப் போனார். ரெலிங்டன்-ஜோன்ஸ் தோலோடு நின்று நரம்புகளோடு பேசினார். இன்றைய பயிற்சிகள் பெரும்பாலும் இந்த இரண்டு போக்குகளுக்கு இடையில்தான் நிற்கின்றன.

இவ்வளவு பெரிய உடலுக்கு ஏன் இந்த உதவி?

வளர்ந்த குதிரை 450 முதல் 500 கிலோ வரை நிற்கும். அந்த எடையில் ஏறக்குறைய 60 வீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன. எங்களுக்கு இருப்பதுபோல் குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடலோடு பிணைத்திருப்பது எலும்பு மூட்டு அல்ல, தசைகளும் தசைநார்களும் மட்டுமே. நெஞ்சுக்கூடு இரண்டு முன்னங்கால்களுக்கும் இடையில் ஏணையில் கிடப்பதுபோல் தொங்குகிறது. இந்தத் தசைகள் இறுகினால் நடையே மாறிவிடும்.

மனிதன் ஏறும் இடமோ முதுகு. சேணம் பொருந்தாமல் இருந்தால், முள்ளந்தண்டின் இருபக்கமும் நீளமாக ஓடும் முதுகுத்தசை நாள்முழுவதும் நசுங்கும். குளம்பு சரியாக வெட்டப்படாவிட்டால் கால் தவறாக ஊன்றி, வலி தோளுக்கு ஏறும். பல் கூராகி வாயைக் கிழித்தால் குதிரை தலையைச் சரித்து, கழுத்து இறுகும்.

குதிரை வேட்டையாடப்படும் இனம். வலியைக் காட்டிக்கொள்ளும் குதிரையைத்தான் காட்டில் ஓநாய் தெரிவுசெய்யும். ஆகவே அது இயன்றவரை வலியை மறைக்கும். முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் அளவுகோல் ஒன்று 2014 இல் வெளியானது. விறைத்துப் பின்தள்ளிய காதுகள், இறுகிய கண்ணிமை, கண்ணுக்கு மேல் துருத்தும் எலும்பு, இறுகிய தாடைத்தசை, இழுபட்ட வாயும் நாடியும், விறைத்த மூக்குத்துவாரம் என ஆறு அடையாளங்கள். கத்தாத, முறையிடாத ஓர் உடல் நலமாக இருக்கிறது என்று பொருள் கொள்ளக்கூடாது என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

கற்பவர் எங்கிருந்து தொடங்குகிறார்?

முதலில் கற்பது பார்ப்பதற்கு. ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 28 முதல் 44 தடவை துடிக்கும். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ். இவற்றை அறியாதவர் குதிரையில் கைவைக்கக்கூடாது. பிறகு நடையைப் பார்க்க வேண்டும். எந்தக் காலை அது குறுக்கி வைக்கிறது, எந்தப் பக்கம் திரும்பத் தயங்குகிறது என்பதைக் கற்பவர் குறித்துக்கொள்கிறார்.

அடுத்தது அணுகுவது. குதிரையின் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் சுற்றிவர ஏறக்குறைய எல்லாம் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னும் மட்டும் தெரியாது. ஆகவே தோள் பக்கமாக, அது காணும்படி நடந்து வர வேண்டும். இறுக்கிக் கட்டிவைப்பதைவிட, பழகிய ஒருவர் கயிற்றைத் தளர்வாகப் பிடித்திருப்பது நல்லது. மோதிரம் கழற்றி, நகம் வெட்டியிருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் கை. புறங்கையைக் கழுத்தடியில் வைத்துவிட்டுச் சும்மா நிற்பார்கள். குதிரை மணந்து பார்க்கும், காதைத் திருப்பும். விலகினால் கையை எடுத்துவிட வேண்டும். திரும்பி வந்தால் தொடரலாம். அதன் தோலில் ஓர் இலையான் வந்து இருந்தாலே உணர்ந்து சிலிர்க்கும் மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. அப்படிப்பட்ட உடலுக்குப் பலத்தைக் காட்டத் தேவையில்லை.

அதன் பிறகு முறைகள். உள்ளங்கையால் உரோமத்தின் திசையில் நீளமாக நீவுவது முதலாவது. இதில் சூடான இடம், குளிர்ந்த இடம், கல்போல் இறுகிய இடம் எல்லாம் கைக்குத் தெரியவரும். கழுத்து, பிட்டம் போன்ற சதைப்பிடிப்பான இடங்களைப் பிசைவது இரண்டாவது. உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெல்ல அழுத்தி விடுவது மூன்றாவது. தசைநாருக்குக் குறுக்காக உரஞ்சுவது நான்காவது, இது அனுபவசாலிகளுக்கு மட்டும். எப்போதும் மேலோட்டமாகத் தொடங்கி, ஆழமாகி, மீண்டும் மேலோட்டமாக முடிக்க வேண்டும். முள்ளந்தண்டு போன்ற எலும்புகள்மீது அழுத்தக்கூடாது. ஒரு கை வேலை செய்யும்போது மற்றக் கை குதிரையின் உடலிலேயே இருக்க வேண்டும். ஆள் எங்கே நிற்கிறார் என்பது அதற்குத் தெரியும்.

பதிலையும் உடலே சொல்லும். தலை தாழ்வது, கீழுதடு தொங்குவது, பெருமூச்சு, கொட்டாவி, வாயை மென்று நாக்கால் நக்குவது எல்லாம் இறுக்கம் தளர்வதன் அடையாளங்கள். வாலை வீசுவது, காதைப் பின்தள்ளுவது, மூச்சைப் பிடித்துவைப்பது, தோலைச் சுருக்கி விலகுவது எல்லாம் “போதும்” என்பதற்கு. இரண்டையும் பிரித்தறியத்தான் நாள் எடுக்கும். புதிதாகக் கற்பவர் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கை வைக்கக்கூடாத வேளைகள்

காய்ச்சல், புதிய காயம், எலும்பு முறிவுச் சந்தேகம், சூடான வீக்கம், தோலில் தொற்று, கட்டி ஆகியவை இருக்கும்போது மசாஜ் செய்யக்கூடாது. கடும் வேலைக்குப் பின் தசைகள் விறைத்து, வியர்த்து, சிறுநீர் கறுத்துப் போனால் அது தசை சிதையும் நோயாக இருக்கலாம். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்து, நிலத்தை உதைத்து, படுத்துப் புரண்டால் அது வயிற்றுக்குத்து. இரண்டுமே உயிராபத்து. உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும், உருவிக்கொண்டு நேரத்தைக் கடத்தக்கூடாது.

சட்டமும் இதையே சொல்கிறது. பிரித்தானியாவில் நோயைக் கண்டறிவது 1966 ஆம் ஆண்டின் சட்டப்படி கால்நடை வைத்தியரின் வேலை. உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்கள் அவரது வழிகாட்டலில் சிகிச்சை செய்ய 2015 இல் வந்த கட்டளை இடமளிக்கிறது. வேறு நாடுகளில் விதிகள் வேறுபடும். புலம்பெயர் நாடுகளில் வாழும் எங்கள் பிள்ளைகள் யாராவது இந்தத் தொழிலுக்குள் போக விரும்பினால், பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் படிப்பது அவசியம். சில வார இறுதிப் பயிற்சிகள் தரும் சான்றிதழும், உடலியலை ஆண்டுக்கணக்கில் கற்றுப் பெறும் தகுதியும் ஒன்றல்ல.

மசாஜ் என்ன செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். தசையைத் தளர்த்தும், குதிரையை அமைதிப்படுத்தும், பிரச்சினை இருக்கும் இடத்தை நேரத்தோடு காட்டிக்கொடுக்கும். ஆனால் பொருந்தாத சேணத்தை அது மாற்றாது. காரணம் அப்படியே இருக்க மேலால் தடவிக்கொண்டிருந்தால், அடுத்த கிழமையும் அதே இடம் இறுகியிருக்கும். அழுத்தும் பொருளை அகற்றாமல் ஆற்றுப்படுத்தல் பற்றிப் பேசுவதன் பொருள் என்ன என்பதை எங்கள் மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

போரிலிருந்து மீண்ட உடல்கள்

முதலாம் உலகப் போரில் மாண்ட குதிரைகள் ஏறக்குறைய 80 இலட்சம் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. தப்பியவற்றின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. போர் முடிந்ததும் பிரித்தானியப் படை தன் குதிரைகளில் பலவற்றை எகிப்திலேயே விற்றுவிட்டுப் போனது. 1930 இல் கெய்ரோவுக்கு வந்த டொரதி ப்ரூக் என்ற பெண், படையின் சூட்டுக்குறி உடலில் இருக்கும் கிழக்குதிரைகள் எலும்பும் தோலுமாக வண்டியிழுப்பதைக் கண்டார். 1931 இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். சேர்ந்த பணத்தில் ஏறக்குறைய 5,000 குதிரைகளை வாங்கினார். பெரும்பாலானவை மீட்க முடியாத நிலையில் இருந்தன. அவற்றுக்குச் சில நாள் ஓய்வும் தீனியும் கொடுத்து, வலியில்லாத முடிவைக் கொடுத்தார். 1934 இல் கெய்ரோவில் அவர் தொடங்கிய வைத்தியசாலையிலிருந்து வளர்ந்த அமைப்பு இன்றும் பல நாடுகளில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் வேலை செய்கிறது.

மாட்டை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்த வன்னி மக்களுக்கு இந்தக் கதை தூரத்துக் கதை அல்ல.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் போருக்குப் பிந்திய மனவடுவால் துன்பப்படும் 63 முன்னாள் படையினரைக் குதிரைகளோடு எட்டு வாரம் பழகவிட்டு, முடிவை 2021 இல் வெளியிட்டது. யாரும் குதிரையில் ஏறவில்லை. நிலத்தில் நின்று அணுகுவதும், தேய்த்துவிடுவதும், கூட நடப்பதும்தான். பலரது அறிகுறிகள் குறைந்தன. ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆரம்பநிலை ஆய்வு இது என்பதால் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கவும் முடியாது. ஆனால் ஏன் இது உதவக்கூடும் என்பதை ஊகிக்கலாம். ஒருவர் வாயால் என்ன சொன்னாலும் அவரது மூச்சும் தோளும் இறுகியிருந்தால் குதிரை கிட்ட வராது. அதனோடு நிற்க வேண்டுமானால் தன் உடலை முதலில் தளர்த்த வேண்டும்.

இலங்கையில் நுவரெலியாவின் பந்தயக் குதிரைகளும், சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் மட்டக்குதிரைகளும், பொலிஸ் குதிரைப் பிரிவும் இருக்கின்றன. இந்தக் கைகள் அவற்றுக்குத் தேவை. நெடுந்தீவுக் குதிரைகளுக்கோ மசாஜ் தேவையில்லை, அதை அவை தமக்குள்ளேயே செய்துகொள்கின்றன. வறட்சிக் காலத்தில் அவற்றுக்குத் தேவைப்படுவது தண்ணீர். போகிறவர்கள் படம் எடுப்பதற்காக அவற்றைத் துரத்தாமல், தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு வரலாம்.