யாத்திரை முடிந்து வீடு திரும்பும் வேளையில்

அமாவாசையை ஒட்டிய நாட்களில் மேட்டூர், கொளத்தூர், பாலாறு வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பேருந்துகள் நிரம்பி வழிவதைக் காணலாம். முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்து, 1997-ஆம் ஆண்டு தனியாகப் பிரிக்கப்பட்ட சாமராஜநகர மாவட்டத்தில் அமைந்துள்ள இத்தலத்திற்கு, சேலம், ஈரோடு, தருமபுரிப் பகுதிகளின் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வருகின்றன. மலையில் ஓரிரவு தங்கி, மாதேஸ்வரரை வணங்கி, மறுநாள் இரவில் வீடு வந்து சேர்வது வழக்கம்.

புறப்படும் அவசரத்தில் பீரோவைப் பூட்டினோமா, கொல்லைக் கதவைத் தாழிட்டோமா என்று இருமுறை சரிபார்க்கிறோம். சமையலறைச் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினோமா என்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்? பூட்டிய வீட்டில் மெல்லக் கசியும் வாயு வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும். களைப்புடன் கதவைத் திறப்பவரின் கை, பழக்கத்தால் முதலில் தேடுவது விளக்கின் சுவிட்சைத்தான். பேராபத்து அந்த ஒரு கணத்தில் இருக்கிறது.

வாசனை ஓர் எச்சரிக்கை

குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கும், சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி.க்கும் இயல்பாக வாசனை கிடையாது. நாம் உணரும் நெடி, எத்தில் மெர்காப்டன் போன்ற பொருட்களைச் சிறிதளவு கலப்பதால் வருவது. இவ்வழக்கம் உலகெங்கும் உறுதிப்படக் காரணமாக அமைந்தது ஒரு பெருந்துயரம். 1937-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்னும் ஊரில், பள்ளிக் கட்டடத்தின் அடியில் கசிந்து தேங்கியிருந்த இயற்கை எரிவாயு வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் உயிரிழந்தனர். வாயுவுக்கு நெடி இல்லாததால் கசிவை எவரும் அறியவில்லை. மின்கருவி ஒன்றை இயக்கியபோது எழுந்த சிறு பொறியே வெடிப்புக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அதன் பின்னரே வாயுவுக்கு நெடியூட்டுவது சட்டமாயிற்று. ஆகவே அந்த நெடியை உணர்ந்த பின்னும் சுவிட்சைத் தொடுவது, பெரும் விலை கொடுத்துப் பெற்ற எச்சரிக்கையைப் புறக்கணிப்பதாகும்.

இரு வாயுக்கள், இரு இயல்புகள்

எல்.பி.ஜி. காற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு பரவி, மேடைக்கு அடியிலும் மூலைகளிலும் தேங்கும். காற்றில் சுமார் 2 விழுக்காடு கலந்தாலே தீப்பற்றும் நிலையை அடையும். ஆதலால் சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரைமட்டத்திற்கு அருகில் காற்றுப்போக்கி இருத்தல் வேண்டும்.

பல நகரங்களில் குழாய்வழி வரத் தொடங்கியுள்ள இயற்கை எரிவாயுவில் பெரும்பங்கு மீத்தேன். இது காற்றைவிட இலேசானது; கசிந்தால் மேலெழுந்து கூரையை ஒட்டித் தங்கும். காற்றில் சுமார் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருக்கையில் தீப்பற்றும். இதற்குச் சுவரின் மேற்பகுதியில் காற்றுப்போக்கி தேவை. குழாய் இணைப்புக்கு மாறியவர்கள் அலமாரி கட்டியோ கண்ணாடி பதித்தோ அதனை அடைத்துவிடலாகாது.

கதவைத் திறந்ததும் நெடி அடித்தால்

• எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரு செயல்களிலும் பொறி எழக்கூடும். வாயுவை வெளியேற்ற மின்விசிறியைச் சுழலவிடுவதும் தவறு.

• தீக்குச்சி, ஊதுவத்தி, சுவாமி விளக்கு எதனையும் ஏற்றாதீர்கள். கைப்பேசியை வீட்டுக்குள் பயன்படுத்தாதீர்கள்.

• குழந்தைகளையும் முதியோரையும் வெளியே நிறுத்துங்கள். வாசற்கதவை அகலத் திறந்து வையுங்கள்.

• நெடி இலேசாக இருந்து, பாதுகாப்பாக நெருங்க முடியுமானால், ரெகுலேட்டரையோ குழாயின் அடைப்பு வால்வையோ மூடி, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். நெடி கடுமையாக இருந்தால் உள்ளே செல்லாதீர்கள்.

• வெளியே தொலைவாக வந்த பின்னர் தொலைபேசியில் அழையுங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கான அவசர உதவி எண் 1906. குழாய் இணைப்பாயின், பில்லில் அச்சிடப்பட்டுள்ள அவசர எண்ணை முன்கூட்டியே குறித்து வைத்திருங்கள்.

புறப்படும் முன்

அடுப்பின் குமிழை மட்டும் மூடுவது போதாது. அப்போதும் ரப்பர் குழாயில் வாயு அழுத்தத்துடன் நின்றுகொண்டிருக்கும். ஒவ்வோர் இரவும் ரெகுலேட்டரை மூடுங்கள். பல நாட்கள் வெளியூர் செல்வதானால் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரின் பாதுகாப்பு மூடியைப் பொருத்துங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற குழாயை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுதல் அவசியம். கசிவு உண்டா என்ற ஐயம் எழுந்தால் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சியால் சோதிப்பது ஒருபோதும் கூடாது.

புதுச் சிலிண்டர் வந்ததும் அதன் மேற்பட்டையின் உட்புறத்தைக் கவனியுங்கள். ஏ, பி, சி, டி என்பன ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும். ‘பி 28’ என்றிருந்தால் 2028 ஜூன் மாதத்திற்குள் அச்சிலிண்டரை மறுசோதனைக்கு உட்படுத்த வேண்டும் என்பது பொருள். காலம் கடந்ததெனில் திருப்பி அனுப்பிவிடலாம்.

காப்பீடும் ஆவணங்களும்

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள், எல்.பி.ஜி. விபத்துகளுக்காகப் பொறுப்புக் காப்பீடு எடுத்துள்ளன. வாடிக்கையாளர் தனியே பிரீமியம் செலுத்த வேண்டியதில்லை. உயிரிழப்பு நேர்ந்தால் நபர் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு நபர் ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் ரூபாய் வரை. பதிவு பெற்ற முகவரியில் நேரும் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரை என அறிவிக்கப்பட்டுள்ளது. விபத்து நேர்ந்தால் விநியோகஸ்தருக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஆகவே வீடு மாறும்போது இணைப்பின் முகவரியையும் மாற்றிக்கொள்ளுங்கள். இணைப்புச் சான்று, குழாய் வாங்கிய ரசீது, பாதுகாப்புச் சோதனைச் சீட்டு ஆகியவற்றை மற்ற ஆவணங்களுடன் பத்திரப்படுத்துங்கள். வீட்டுக் கடன் பெற்றவர்கள், தங்கள் வீட்டுக் காப்பீட்டில் தீ விபத்துக்கான தொகை வீட்டின் இன்றைய மதிப்புக்கு ஏற்றதாக உள்ளதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.

ஆயினும், எந்தக் காப்பீடும் இழப்பிற்குப் பின்னரே வரும். அடுத்த முறை யாத்திரைப் பையைத் தோளில் மாட்டும் முன், சமையலறைக்குள் ஒருமுறை சென்று ரெகுலேட்டரை மூடுங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும், சுவிட்சைத் தேடும் கையை ஒரு மூச்சு நேரம் நிறுத்துங்கள். முதலில் நெடி இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கைப் பிறகு ஏற்றலாம்.