யூரியா விலையும் மண்ணின் பசியும்

புது தில்லி: இமாசலப் பிரதேச மாநிலம் பாலம்பூரில் உள்ள வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையில் 1972-ஆம் ஆண்டு ஒரு நெடுங்காலப் பரிசோதனை தொடங்கப்பட்டது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் மக்காச்சோளமும் கோதுமையும் மாறி மாறிப் பயிரிடப்பட்டன. ஒரு பாத்திக்கு யூரியா வாயிலாகத் தழைச்சத்து மட்டும் இடப்பட்டது. மற்றொன்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகளுடன் தொழு உரமும் தரப்பட்டது.

தொடக்கத்தில் முதல் பாத்தியும் விளைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மகசூல் சரிந்தது. இறுதியில் ஒரு மணிகூட விளையாத நிலையை அந்தப் பாத்தி எட்டியது. தொழு உரமும் மூன்று சத்துகளும் பெற்ற பாத்தியோ தொடர்ந்து நல்ல விளைச்சல் தந்தது.

உர மானியம் பற்றி நாடாளுமன்றத்தில் ஆண்டுதோறும் விவாதம் நடக்கிறது. 2022-23-ஆம் நிதியாண்டில் இந்த மானியம் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஆனால், விவாதம் பெரும்பாலும் எத்தனை கோடி, எத்தனை லட்சம் டன் தட்டுப்பாடு என்ற கணக்குகளோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பணம் மண்ணை என்ன செய்கிறது என்ற கேள்வி அவைக்கு வருவது அரிது.

குறைந்த சத்தே எல்லை

பயிர் வளர 17 தனிமங்கள் தேவை. கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. ஏனைய 14 தனிமங்களை வேர்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்தே பெற்றாக வேண்டும். இவற்றில் எது தேவையைவிட மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே விளைச்சலின் எல்லையைத் தீர்மானிக்கிறது என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர்கள் ஸ்ப்ரெங்கலும் லீபிக்கும் நிலைநாட்டிய விதி. துத்தநாகம் இல்லாத வயலில் யூரியாவை இரு மடங்காக்கினாலும் அந்தக் குறை தீராது.

இதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தில் உள்ள பந்த்நகர் பகுதியில் நெற்பயிரின் இலைகள் துருப்பிடித்தாற்போல் பழுப்பேறி, வளர்ச்சி குன்றின. 'கைரா' என்று அழைக்கப்பட்ட இந்தப் பாதிப்புக்குக் காரணம் கிருமி அல்ல, துத்தநாகக் குறைபாடே என்று விஞ்ஞானி ஒய்.எல். நேனே 1966-இல் கண்டறிந்தார். துத்தநாக சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த கரைசலைத் தெளித்ததும் பயிர் தேறியது. நாடு முழுவதும் திரட்டிய மண் மாதிரிகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் துத்தநாகமும், 23 சதவீத அளவுக்குப் போரானும் பற்றாக்குறையாக இருப்பதை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகள் பின்னர் காட்டின.

மண்ணில் சத்து இருப்பது வேறு. அது வேருக்குக் கிடைப்பது வேறு. பாலம்பூர் மண் அமிலத்தன்மை கொண்டது. யூரியா மட்டும் தொடர்ந்து இடப்பட்டதால் அந்த அமிலம் மேலும் ஏறியது. மணிச்சத்து மண்ணோடு பிணைந்து முடங்கியது. அலுமினியம் கரைந்து வேர்களைத் தாக்கியது. பஞ்சாபின் நிலை நேர் எதிரானது. அங்குள்ள காரத்தன்மை மிகுந்த நிலங்களில் இரும்பும் துத்தநாகமும் பயிர் உறிஞ்ச இயலாத வடிவத்துக்கு மாறிவிடுகின்றன. மணற்பாங்கான வயல்களில் நெல்லுக்காக நீர் தேக்கும்போது மாங்கனீசு கரைந்து ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், அடுத்து வரும் கோதுமை அந்தச் சத்தின்றி வாடுகிறது. ஒரே மூட்டை, ஒரே அளவு என்ற பரிந்துரை இரு மாநிலங்களுக்கும் பொருந்தாது.

இரண்டு முறை நடந்த தவறு

அப்படியிருந்தும் விவசாயி யூரியாவையே நாடுவது ஏன்? விடை தில்லியில் நிர்ணயிக்கப்படும் விலையில் இருக்கிறது.

1991 ஜூலையில் அன்றைய நிதியமைச்சர் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் உயர்த்த முன்மொழிந்தார். கடும் எதிர்ப்பு எழுந்ததால் உயர்வு 30 சதவீதமாகக் குறைக்கப்பட்டு, சிறு, குறு விவசாயிகளுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் பரிந்துரையை ஏற்று, மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாடு 1992 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டில் நீடித்ததுடன், அதன் விலை 10 சதவீதம் குறைக்கவும்பட்டது. விளைவு உடனே தெரிந்தது. 1991-92-இல் 5.9:2.4:1 என்றிருந்த தழை, மணி, சாம்பல் சத்துப் பயன்பாட்டு விகிதம், 1992-93-இல் 9.5:3.2:1 ஆனது.

பின்னர் படிப்படியாகச் சீரடைந்த இந்த விகிதம் 2009-10-இல் 4.3:2:1 என்ற அளவுக்கு வந்தது. அப்போதுதான் சத்து அடிப்படையிலான மானியத் திட்டம் 2010 ஏப்ரல் 1-இல் அமலுக்கு வந்தது. அன்று மத்திய ரசாயனம், உரத் துறை அமைச்சராக இருந்தவர் மு.க. அழகிரி. உரத்தின் எடைக்குப் பதிலாக, அதிலுள்ள சத்தின் அளவுக்கு மானியம் என்ற கொள்கை சரியானதே. ஆனால், யூரியா அதிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. டி.ஏ.பி., பொட்டாஷ் விலைகள் இரண்டே ஆண்டுகளில் பன்மடங்கு ஏறின. யூரியாவோ டன்னுக்கு 4,830 ரூபாயிலிருந்து 5,310 ரூபாய்க்கும், 2012-இல் 5,360 ரூபாய்க்கும் மட்டுமே நகர்ந்தது. 2012-13-இல் விகிதம் மீண்டும் 8.2:3.2:1 ஆகச் சரிந்தது. 18 ஆண்டுகளுக்கு முன் செய்த அதே தவறு, வேறொரு பெயரில் திரும்பி வந்தது.

பஞ்சாபில் இந்த விகிதத்தில் தழைச்சத்தின் பங்கு 30-ஐத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. அம்மாநில மண்ணில் சாம்பல் சத்து இயல்பாகவே உள்ளதால், இந்த எண்ணை மட்டும் வைத்துக் கேடு என்று தீர்ப்பளிக்க முடியாது. எனினும், மிகுதியாக இட்ட தழைச்சத்து பயிரைச் சாய்க்கிறது, பூச்சிகளை ஈர்க்கிறது, நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதில் ஐயமில்லை. நெல்லுக்கு ஏக்கருக்கு 90 கிலோ யூரியா போதும் என்பது லூதியானா வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதற்கு மேல் இடுவோர் அங்கு ஏராளம்.

அட்டை வந்தது, விலை மாறவில்லை

பிரதமர் மோடி 2015 பிப்ரவரி 19-இல் ராஜஸ்தானின் சூரத்கரில் மண் வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். கார அமில நிலை, அங்ககக் கரிமம், துத்தநாகம், போரான் உள்பட 12 விவரங்களை அந்த அட்டை தருகிறது. அதே ஆண்டில் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டது. 2018-இல் 50 கிலோ மூட்டை 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது. ரசாயன உரப் பயன்பாட்டைக் குறைக்கும் மாநிலங்களுக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதியை வழங்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் அளித்தது.

இவை அனைத்தும் பயனுள்ளவையே. ஆயினும், துத்தநாகம் குறைவு என்று அட்டை சொல்கிறது. துத்தநாக சல்பேட்டுக்கு யூரியாவைப் போன்ற மானியம் இல்லை. தொழு உரம் வேண்டும் என்று அட்டை சொல்கிறது. மாடுகள் குறைந்த ஊரில் அதற்கு வழியில்லை. அட்டை ஒன்றைச் சொல்ல, கடையில் உள்ள விலை வேறொன்றைச் சொன்னால், கடன் வாங்கி உழும் விவசாயி எதைக் கேட்பார்?

பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் வைக்கோலின் புகை, அக்டோபர், நவம்பர் மாதங்களில் தலைநகரின் காற்றிலும் கலக்கிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 400 கிலோ கரிமமும் ஐந்தரைக் கிலோ தழைச்சத்தும் உள்ளன. மண்ணுக்குத் திரும்ப வேண்டிய கரிமமும் தழைச்சத்தும் புகையாகிப் போகின்றன. போன தழைச்சத்தை ஈடுகட்ட மானிய யூரியா மூட்டை வயலுக்கு வருகிறது.

யூரியா விலையை ஒரேயடியாக உயர்த்தினால் சிறு விவசாயி தாங்கமாட்டார் என்ற அச்சம் நியாயமானது. கட்சி வேறுபாடின்றி எல்லா அரசுகளையும் தயங்க வைத்தது அதுவே. ஆனால், அதே பணத்தைப் பிற சத்துகளுக்கும் தொழு உரத்துக்கும் சீராகப் பகிர்ந்தளிப்பது விலை உயர்வு ஆகாது. 1992-இலும் 2010-இலும் செய்யத் தவறியது இந்தப் பகிர்வைத்தான். அடுத்த முறை உர மானியக் கோரிக்கை அவைக்கு வரும்போது, உறுப்பினர்கள் கோடிகளுடன் பாலம்பூரின் அந்த வெற்றுப் பாத்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.