உயிரற்றுப் போன பெட்டி

சேலையூர்ப் பக்கத்தில் தனியே வாழும் தாயார் ஒருவரைக் காண நாம் சென்ற மாலையில், அவ்வில்லத்துத் தொலைக்காட்சிப் பெட்டி மூன்றாம் நாளாக மௌனம் காத்தது. பிள்ளைகள் இருவரும் அயல்நாட்டில். பேச்சுத் துணைக்கு அப்பெட்டி ஒன்றே. “சாமி, போர்டு போயிடுச்சாம். புதுசா வாங்குறதே மேல்னு ரிப்பேர்காரத் தம்பி சொல்லிட்டுப் போயிட்டாரு” என்றார். ஓய்வூதியப் பணம் வைத்த உறை மேசைமேல் ஆயத்தமாய்க் கிடந்தது. நாம் மின்தொழில் அறிந்தவர் அல்லோம். ஆயினும் அருகிலிருந்த மேசை விளக்கை எடுத்து, பெட்டிக்குரிய அதே பிளக் பாயிண்டில் செருகிப் பார்த்தோம். விளக்கும் எரியவில்லை! சுவிட்சின் உட்புறம் கருகியிருந்ததை மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் கண்டார். பெட்டியில் யாதொரு குறையும் இல்லை.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபின், தெருவுக்கு ஒன்றோ இரண்டோ பெட்டிகள் இருந்த காலத்தை நம்மில் மூத்தோர் நினைவுகூர்வர். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ நேரத்தில் சாலிடேர், டயனோரா பெட்டிகள் அடம்பிடித்தால், வீட்டுக்குரியவர் எழுந்து பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார். சில வேளை படமும் வந்துவிடும். அப்பழக்கம் இன்னும் நம் கையை விட்டு அகலவில்லை. இன்றைய மெல்லிய எல்.இ.டி. திரை அந்த அடியைத் தாங்காது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

பெட்டி இயங்கவில்லையெனில் முதலில் அதன் கீழ் விளிம்பிலுள்ள சிறு சிவப்பு விளக்கை நோக்குக. அது எரியுமாயின் மின்சாரம் உள்ளே வருகிறது. ரிமோட்டின்மீது ஐயம் கொள்ளலாம். ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவிற்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், பல கைப்பேசிகளில் ஊதா நிறப் பொறி தெரியும். தெரியாவிடில் பேட்டரியை மாற்றுக. பெட்டியின் பின்புறமோ அடியிலோ ஒரு பொத்தான் உண்டு. அதையும் அழுத்திப் பார்க்கலாம். பயனில்லையெனில் பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் செருகுக. ஒலி மட்டும் வந்து படம் இல்லையெனில், இருட்டில் டார்ச் விளக்கைத் திரைமேல் சாய்த்துப் பிடித்தால் மங்கலாய் உருவம் அசைவது புலப்படலாம். அப்படியாயின் திரைக்குப் பின்னுள்ள விளக்குப் பட்டைகளிலோ அவற்றுக்கு மின்சாரம் தரும் பகுதியிலோதான் பழுது. பெட்டி முழுவதும் வீணாகிவிடவில்லை.

சிவப்பு விளக்கே எரியாவிடில் பிளக் பாயிண்ட், எக்ஸ்டென்ஷன் பெட்டி, ஸ்டெபிலைசர் என ஒவ்வொன்றாய்ச் சோதித்தபின்னரே பெட்டியைக் குறை கூற வேண்டும்.

ஒரே இரவில் ஒரே தெருவில் பல வீட்டுப் பெட்டிகள் மடிந்தனவாயின், காரணம் பெரும்பாலும் வெளியே இருக்கும். தெருக் கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகளோடு நியூட்ரல் என்னும் கம்பி ஒன்றும் செல்கிறது. பேஸ் ஒன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு பேஸ்களுக்கு இடையே ஏறத்தாழ 400. மரக்கிளை விழுந்து நியூட்ரல் அறுந்தால், வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள நேரும். குறைவாக மின்சாரம் செலவிடும் வீட்டுக்கே அதிக வோல்ட் பாயும். சிக்கனமாய் ஒற்றை விளக்கோடு இருப்பவருக்கு இத்தண்டனை! ஒரு வீட்டில் விளக்கு அளவுக்குமீறி ஒளிர, அடுத்த வீட்டில் மங்கினால், அதுவே அடையாளம். உடனே மெயின் சுவிட்சை அணைத்து, அண்டை வீட்டாருக்கும் கூறி, மின்வாரியத்துக்கு அறிவியுங்கள். 2021-ல் தொடங்கப்பட்ட ‘மின்னகம்’ இதற்கென்றே உள்ளது. இவ்வகை விபத்தில் பல பெட்டிகளில் பியூசும், அதனருகே காவல் நிற்கும் வேரிஸ்டர் என்னும் சிறு வில்லையும் மட்டுமே மாண்டிருக்கும். மொத்தப் போர்டையும் மாற்றச் சம்மதிக்குமுன் அதைக் கேட்டறிக.

2015 டிசம்பர் முதல் நாள் மழையைத் தாம்பரத்தார் மறக்க இயலுமோ? ஒரே நாளில் 49 சென்டிமீட்டர்! முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் புகுந்தது. நாம் அறிந்த குடும்பம் ஒன்று, வெயிலில் வைத்து வெளியே காய்ந்துவிட்ட பெட்டியை அவசரப்பட்டு இயக்கிற்று. உள்ளே ஈரச்சேறு இருந்தது. புகை வந்ததோடு பெட்டி முடிந்தது. நல்லவேளை, எவருக்கும் தீங்கில்லை. நனைந்த பெட்டியை, பழகிய கைகள் திறந்து துடைத்து உலர்த்தும்வரை மின்சாரத்தோடு இணைக்கவே கூடாது.

திறப்பதை நீங்களே செய்ய முற்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளேயுள்ள பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பழைய படக்குழாய்ப் பெட்டிகளில் அது பல்லாயிரம் வோல்ட். எரிந்த பியூசுக்குப் பதிலாகத் தடித்த கம்பியைச் சுற்றுவோர் இன்றும் உளர். அது வீட்டுக்கே தீ வைக்கும் வேலை. பழுது பார்ப்பவரிடம் மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். தொலைந்த ரிமோட்டுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தேடலாம். பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

அண்மையில் அத்தாயாரின் இல்லத்துக்கு மீண்டும் சென்றோம். புதிய சுவிட்ச் பளிச்சிட்டது. தொடர் ஓடிக்கொண்டிருந்தது. “விளம்பரம் வரட்டும், சாமி” என்று கையால் சைகை காட்டி, நாற்காலியை நம் பக்கம் நகர்த்தினார்.