பழைய சுவிட்சின் கட்டமைப்பு புதியதில் ஏன் அப்படியே பொருந்துவதில்லை?

ஓர் அலுவலகத்தின் கணினிகளையெல்லாம் இணைத்துவைக்கும் பழைய சுவிட்சை அகற்றிப் புதியதொன்றை ஸ்தாபிக்கும்போது, பழையதன் கட்டமைப்புக் கோப்பைப் பிரதி செய்து ஏற்றிவிட்டால் காரியம் பூர்த்தியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வாறு ஆவதில்லை. சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 வரிசையின் ஆரம்ப மாடல்களில் 0/1 என்றிருந்த போர்ட், 9300-இல் 1/0/1 என்றாகிவிடுவதால், பழைய பெயரைத் தாங்கிய வரிகளைப் புதிய சாதனம் நிராகரித்துவிடும்.

பெயரைத் திருத்துவது சுலபம். கோப்பிலேயே இல்லாத விஷயங்களே நம்மை அதிகம் சோதிப்பவை. வலையைத் தனித்தனிப் பிரிவுகளாக வகுக்கும் விலேன்களின் பட்டியலைச் சுவிட்சுகளிடையே பகிரும் விடிபி முறையில் சர்வர் நிலையிலுள்ள சுவிட்ச், அப்பட்டியலைத் தனிக் கோப்பொன்றில் வைத்திருக்கிறது. சுவிட்சுக்குள் தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் இரகசியத் திறவுகோலையோ புதிதாகவே உற்பத்தி செய்தாக வேண்டும்.

இவற்றினும் சூக்ஷ்மமானது ஸ்பானிங் ட்ரீ. தகவல் முடிவின்றிச் சுழலாதிருக்கும் பொருட்டு ரேடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த இம்முறையில், ஒரு சுவிட்ச் மூலச் சுவிட்சாக (ரூட்) தேர்வாகிறது. இத்தேர்வுக்கான முன்னுரிமை எண்ணை எவரும் மாற்றாமல் எல்லாச் சுவிட்சுகளிலும் 32768 என்றே விட்டிருந்தால், எதன் மேக் முகவரி மிகச் சிறியதோ அதற்கே அப்பதவி. மேக் முகவரியோ சாதனத்தோடு பிறந்தது, கோப்போடு இடம்பெயராதது. ஆகவே மூலச் சுவிட்சாயிருந்ததை மாற்றிய கணத்தில், எங்கோ ஒரு மூலையிலுள்ள சக்தி குன்றிய பழைய சுவிட்ச் மூலச் சுவிட்சாகி, வலையின் பெரும்பகுதிப் போக்கும் அதன் வழியே திரும்பக்கூடும். எனவே கேபிளைக் கழற்றுமுன் முன்னுரிமை எண்ணைக் குறித்து நிர்ணயம் செய்துவிடுங்கள்.