தொட்டி நீரைக் குளிர வைப்பது எப்படி?

கோடை விடுமுறையில் கொல்லைப்புறச் சிமெண்டுத் தொட்டியை நிரப்பி, அதில் இறங்கி விளையாடுவது இன்பமே. ஆனால், பிற்பகலில் கால் வைத்துப் பாருங்கள். நீர் வெதுவெதுப்பாக இருக்கும். ஐஸ் கட்டி வாங்கிப் போடலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தொட்டியின் நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், நீரின் ஆழம் அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,500 லிட்டர். இதன் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் குறைக்க, 1,500 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். 1 கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரியும், உருகிய நீர் 30 டிகிரிக்குச் சூடேறும்போது மேலும் 30 கிலோ கலோரியும் ஏற்கும். ஆகவே, ஒரே ஒரு டிகிரி குறைவதற்கே ஏறத்தாழ 14 கிலோ ஐஸ் தேவை!

இனி, இயற்கையின் வழியைக் காண்போம். 1 லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அந்த 14 கிலோ ஐஸின் வேலையைச் செய்ய, 3 லிட்டருக்கும் குறைவான நீர் ஆவியானால் போதும். தொட்டியின் நீர்மட்டம் 1 மில்லிமீட்டர்கூட இறங்காது. மண்பானையில் நீர் குளிர்வதும் இதே தத்துவத்தால்தான்.

பிறகு ஏன் பகலில் நீர் சூடாகிறது? நண்பகல் வெயில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் விநாடிக்கு ஏறத்தாழ 1,000 ஜூல் ஆற்றலைக் கொட்டுகிறது. அது முழுவதும் நீரில் சேர்ந்தால், 35 நிமிடங்களில் 1 டிகிரி ஏறிவிடும். ஆவியாதல் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

எனவே, பகலில் ஒரு தார்ப்பாயை ஆளுயரத்தில் பந்தல்போல் கட்டுங்கள். நீரின் மேலேயே விரித்துவிடாதீர்கள், ஆவியாதல் நின்றுவிடும். வெயில் சாய்ந்ததும் அதை அவிழ்த்துவிட்டு, நீரைச் சொம்பால் மொண்டு உயரே வீசுங்கள். துளிகளாகச் சிதறும்போது பரப்பு பெருகி, ஆவியாதல் விரைவுபடும். வேலூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் பலன் நன்கு தெரியும். கடலோரத்தில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாதலால் சற்றுக் குறைவாகவே தெரியும்.

ஓர் எச்சரிக்கை: அரை மீட்டர் நீரும் சிறு குழந்தைக்கு ஆபத்தே. பெரியவர் துணையின்றி யாரும் இறங்கக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறையேனும் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்; கொசு பெருகாது. வடித்த நீர் தென்னைக்குப் பாயட்டும்.

ஒரு வெப்பமானியால் பந்தலுக்கு முன்னும் பின்னும் நீரை அளந்து பாருங்கள். கணக்குச் சொன்னதை வெப்பமானியும் சொல்லும்.