ஆலைகள் வந்தன, அளவு காட்டும் கருவி சரியாக இருக்கிறதா?

புது தில்லி: கரோனா இரண்டாம் அலையின்போது 2021-இல் ஆக்சிஜனுக்காக நாடே தவித்ததை அடுத்து, அரசு மருத்துவமனைகளில் ஆக்சிஜன் உற்பத்தி ஆலைகள் நிறுவப்பட்டன. பிஎம் கேர்ஸ் நிதியில் 1,224 ஆலைகளுக்கு உதவி வழங்கப்பட்டதாகவும், அவற்றில் 1,100-க்கும் மேற்பட்டவை இயங்கத் தொடங்கியதாகவும் அந்த ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. இவற்றை இயக்க 7,000-க்கும் அதிகமானோர் பயிற்சி பெற்றனர்.

எண்ணிக்கை குறித்த பேச்சில் எளிதில் மறைந்துவிடுவது, ஆலையோடு இணைந்துள்ள சிறிய ஆக்சிஜன் அனலைசர். நோயாளிக்குச் செல்லும் வாயுவில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வது அதுதான்.

பிஎஸ்ஏ எனப்படும் இந்த ஆலைகளில், அழுத்தப்பட்ட காற்றில் உள்ள நைட்ரஜனை ஜியோலைட் மணிகள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் 90 முதல் 96 சதவீதம் வரை இருக்க வேண்டும். ஈரம் புகுந்தால் மணிகள் திறன் இழக்கும். தூய்மை மெல்லக் குறையும். காற்றிலுள்ள ஆர்கான் பெரும்பாலும் ஆக்சிஜனுடனேயே வந்துவிடுவதால், சாதாரண பிஎஸ்ஏ ஆலை 95 சதவீதத்தைப் பெரிதாகத் தாண்டாது. திரையில் 99 என்று தெரிந்தால் மகிழ்வதற்கு ஏதுமில்லை, கருவிதான் பிசகியிருக்கிறது.

உணரிகள் நாளடைவில் தேய்வதால், அளவு தெரிந்த வாயுவைச் செலுத்தி அவ்வப்போது கருவியைத் திருத்த வேண்டும். கருவி சூடேறி, எண் ஒரே நிலையில் நின்ற பிறகே திருத்தம் செய்ய வேண்டும். செலவில்லாத வழி, வெளிக்காற்றை வைத்து 20.9 எனப் பொருத்துவது. ஆனால், அந்த இடத்தில் அரை சதவீதம் பிழை நேர்ந்தால் 93-இல் அது இரண்டு சதவீதத்துக்கு மேல் பெருகக்கூடும். 91 என்று காட்டும் வாயு உண்மையில் 89-ஆக இருக்கலாம். எனவே, சான்றளிக்கப்பட்ட உயர் அளவு வாயுவைக் கொண்டும் சோதிப்பது அவசியம்.

லடாக்கின் லே நகரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். அழுத்தத்தை ஈடுசெய்யும் வசதி இல்லாத கருவியைச் சமவெளியில் திருத்தி அங்கு கொண்டு சென்றால், வெளிக்காற்றையே 14-க்கும் குறைவாகக் காட்டும். அத்தகைய கருவியை அங்கேயே வைத்துத் திருத்துவதுதான் முறை.

ஆலையைப் பார்வையிடச் செல்லும் எம்.பி.க்கள், திரையில் தெரியும் எண்ணோடு கடைசியாகத் திருத்தம் செய்த தேதியையும், அதற்குப் பயன்படுத்திய சிலிண்டரின் காலாவதித் தேதியையும் கேட்கலாம்.