கண்ணை மூடி வரைந்த எழுத்துகள்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்களை மூடிக்கொண்டு, மனம் போன போக்கில் ஒரு கோடு இழுங்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் கிறுக்கலாகத்தான் இருக்கும். ஆனால் பத்துப் பதினைந்து முறை செய்தால், ஒன்றிரண்டு உருவங்கள் "அட, பரவாயில்லையே!" என்று தோன்றும்.

1989-ஆம் ஆண்டில், மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டில், என்செரெக்கோரே என்னும் நகரில் இரண்டு சிறுவர்கள் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் இப்ராஹிமா பாரிக்கு வயது 14. தம்பி அப்துலாயேவுக்கு 10. பள்ளி விட்டு வந்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கண்ணை மூடி வரைவார்கள். பிடித்த வடிவங்களைப் பொறுக்கி எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலியைக் கொடுப்பார்கள். சுமார் ஆறு மாதங்களில் 28 எழுத்துகளும் 10 எண்களும் அவர்கள் கையில் இருந்தன.

விளையாட்டுக்காகச் செய்யவில்லை. அவர்கள் வீட்டில் பேசும் மொழி ஃபுலா. செனகல் முதல் கேமரூன் வரை பல நாடுகளில் பரவி வாழும் ஃபுலானி மக்களின் மொழி அது; பேசுவோர் கோடிக் கணக்கில் உள்ளனர். அதற்கெனத் தனி எழுத்து வழக்கில் இல்லை. அரபு எழுத்துகளைக் கொண்டு எழுதினார்கள். சிலர் லத்தீன் எழுத்துகளைப் பயன்படுத்தினார்கள். ஆனால் சட்டை உடம்போடு பொருந்தவில்லை. 'அம்பு' என்னும் சொல்லில் வரும் 'பு' ஒலியை, காற்றை வெளியே விடாமல் உள்ளே இழுப்பதுபோல் சொல்லிப் பாருங்கள். இத்தகைய உள்ளிழுப்பு ஒலிகள் ஃபுலாவில் உண்டு. அரபு நெடுங்கணக்கில் அவற்றுக்கு இடமில்லை. எனவே ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி எழுதினார்கள். சிறுவர்களின் தந்தை அக்கம்பக்கத்தாருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்பவர். ஒவ்வொரு கடிதத்தோடும் அவர் மல்லாடுவதைப் பார்த்துத்தான் பிள்ளைகளுக்கு இந்த எண்ணம் பிறந்தது.

புதிய எழுத்துகளை முதலில் தங்கைக்குக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு சந்தையில் இருந்தவர்களுக்கு. கற்றவர் ஒவ்வொருவரும் இன்னும் மூன்று பேருக்காவது கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. புத்தகங்களைக் கையாலேயே எழுதி நகலெடுத்துப் பரப்பினார்கள். எழுத்துக்கு 'அட்லாம்' என்ற பெயர் வந்தது. அதன் முதல் நான்கு எழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் இது. 'மக்களை மறைந்துபோகாமல் காக்கும் எழுத்து' என்னும் பொருள் தரும் ஃபுலா சொற்றொடர் ஒன்றின் சுருக்கமும் இதுவே.

கையெழுத்து ஊர் ஊராகப் போகும், கணிப்பொறிக்குள் போகாது. இங்கேதான் சிக்கல் தொடங்கியது. அமெரிக்காவில் குடியேறிய சகோதரர்கள் பணம் கொடுத்து ஓர் எழுத்துருவைச் செய்வித்தார்கள். அரபு எழுத்துகளுக்கு உரிய இடங்களில் அட்லாம் வடிவங்களை உட்காரவைத்த ஏற்பாடு அது. கடிதத்தைப் பெறுபவரிடமும் அதே எழுத்துரு இருந்தால் படிக்கலாம்; இல்லையென்றால் திரையில் பொருளற்ற அரபு எழுத்துக் குவியல்தான் தெரியும்!

காரணம் எளிது. கணிப்பொறி எழுத்தை எண்ணாகத்தான் நினைவில் வைக்கிறது. அந்த எண்ணுக்கு உரிய படத்தைத் தருவது எழுத்துரு. அட்லாமுக்கு என்று சொந்த எண் இல்லாதவரை அது இரவல் இருக்கையில்தான் உட்கார வேண்டும். 2016-ல் யூனிகோடு என்னும் உலகப் பொதுப் பட்டியலின் 9-ஆம் பதிப்பில் அட்லாமுக்குத் தனி இடம் கிடைத்தது. அதன் முதல் பெரிய எழுத்தின் எண் 125184. அதே எழுத்தின் சிறிய வடிவத்துக்கு 125218. இரண்டுக்கும் இடையே ஏன் 34 வித்தியாசம்? பிற்காலத்தில் சேர்த்தவற்றோடு மொத்த எழுத்துகள் 34. பெரிய எழுத்துகள் எல்லாம் முதலில், சிறியவை அடுத்து.

எண் கிடைத்துவிட்டது, இனிப் படம் வரைய வேண்டியதுதானே என்று நினைக்கலாம். அட்லாம் வலமிருந்து இடமாகச் செல்லும், எழுத்துகள் கைகோத்துக்கொள்ளும். எனவே ஒரே எழுத்துக்குத் தனியே நிற்கும்போது ஒரு வடிவம், சொல்லின் முதலில் ஒன்று, இடையில் ஒன்று, கடையில் ஒன்று என நான்கு வேண்டும். 34 எழுத்துகள், பெரியதும் சிறியதும், நான்கு நிலைகள்: 272 படங்கள்! எதை எப்போது எடுப்பது என்னும் விதிகளும் எழுத்துருவுக்குள்ளேயே இருக்க வேண்டும். கூகுள் நிறுவனத்தின் நோட்டோ வரிசையிலும் மைக்ரோசாஃப்ட்டின் எப்ரிமாவிலும் இவ்வாறு அட்லாம் இடம் பெற்றது. இரண்டும் ஒழுங்கானவை, படிக்க ஏற்றவை. ஆனால் அலுவலகச் சுற்றறிக்கை போன்ற முகம். திருமண அழைப்பிதழுக்கும் கடைப் பலகைக்கும் அது போதுமா?

'ஆப்பிரிக்கச் சாயல்' உள்ள எழுத்து என்றால் உங்கள் மனத்தில் என்ன வருகிறது? முரட்டுத்தனமாகச் செதுக்கியது போன்ற, தடித்த லத்தீன் எழுத்துகள் வரக்கூடும். காட்டைப் பற்றிய விளம்பரங்களிலும், 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் தலைப்பிலும் இந்த வகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் நோய்லாண்ட். 1923-ல் ஜெர்மனியில் ருடால்ஃப் கோக் என்பவர், முன்கூட்டி வரைந்துகொள்ளாமல் நேரே உலோகத்தில் செதுக்கிய எழுத்து அது. ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ஒரு கண்டத்தையே 'முரடு' என்று நினைத்துக்கொண்ட பிறர்தான் அதை அங்கே ஒட்டினார்கள். எனக்கு இது நகைச்சுவையாகவும் படுகிறது, சற்று வெட்கமாகவும் இருக்கிறது.

அப்படியானால் ஃபுலானியரின் கண்ணுக்குப் பழகிய வடிவங்கள் எங்கே உள்ளன? ஓரிடம் அவர்களின் துணி. நைஜர் ஆற்றுப் படுகையில் 'காஸா' எனப்படும் கம்பளிப் போர்வை உண்டு. குளிருக்கும் கொசுவுக்கும் காப்பு. அதைக் குறுகிய பட்டைகளாக நெய்து, பக்கம் பக்கமாக வைத்துத் தைக்கிறார்கள். வெள்ளைப் பரப்பில் முக்கோணம், சாய்சதுரம், வளைந்து வளைந்து செல்லும் கோடு. இவை ஏன் இப்படி நேர்கோட்டு உருவங்களாகவே இருக்கின்றன? தறியில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகவே ஓடும். சாய்வான கோடு வேண்டுமானால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளித் தள்ளிப் படிக்கட்டு போல ஏற வேண்டும். கருவிதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

மார்க் ஜாம்ரா, நீல் பட்டேல், ஆண்ட்ரூ ஃபூட்டிட் என்னும் வடிவமைப்பாளர்கள் பாரி சகோதரர்களோடு சேர்ந்து, ஃபுலானித் துணிகளின் கோலங்களைப் பார்த்து ஒரு புதிய எழுத்துருவை உருவாக்கினார்கள். 'அட்லாம் டிஸ்பிளே' என்ற பெயரில் 2023-ல் வெளிவந்தது. டிஸ்பிளே என்றால் தலைப்புகளுக்கும் பலகைகளுக்கும் உரிய, பெரிதாகக் காட்டும் எழுத்து.

ஏன் பெரிதாக மட்டும்? துணியின் முக்கோணங்களை எல்லா எழுத்துக்குள்ளும் பதித்துவிட்டால் என்ன? ஒரு கணக்குப் போடுவோம். நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையின் 60-ல் ஒரு பங்கு கோணம் வரை இரண்டு புள்ளிகளைப் பிரித்தறியும். 40 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் படிக்கும்போது அது சுமார் 0.12 மில்லிமீட்டர். 4 சென்டிமீட்டர் உயரத்தில் வரைந்த எழுத்தில் 1 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு வெட்டு அழகாகத் தெரியும். அதையே 4 மில்லிமீட்டர் உயரத்துக்குச் சுருக்கினால் வெட்டு 0.1 மில்லிமீட்டர் ஆகிவிடும். கண் அதைக் காணாது. எழுத்தின் ஓரம் மங்கியதாக மட்டும் உணரும். சிறிய எழுத்தில் நகைகள் அழுக்காகிவிடும் என்று சொல்லலாம். ஆகவே மரபிலிருந்து நகையை எடுப்பதைவிட எலும்பை எடுப்பதே நல்லது: கோணத்தின் கூர்மை, கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள விகிதம், ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும் தாளம்.

இந்த வேலையில் எழுத்துகளே கொஞ்சம் மாறின என்பதுதான் வியப்பு. முப்பது ஆண்டுகள் பலர் எழுதிப் பழகிய அனுபவத்தோடு, வடிவமைப்பாளர்களின் ஆலோசனையையும் கேட்டு, 2019-ல் சகோதரர்கள் சில வடிவங்களைச் சீர்செய்தார்கள். இதனால் ஒரு சங்கடமும் நேர்ந்தது. பழைய வடிவங்களைக் கொண்ட எழுத்துருக்களும் கணிப்பொறிகளில் இருந்தன. ஆனால் முன்போலக் கடிதம் குப்பையாகிவிடவில்லை. எண் மாறவில்லை அல்லவா? 125184 பழைய எழுத்துருவில் பழைய முகத்தோடும், புதியதில் புதிய முகத்தோடும் தோன்றுகிறது, எழுத்து அதேதான்.

அட்லாம் டிஸ்பிளேயை இப்போது கூகுளின் எழுத்துரு நூலகத்திலிருந்து யாரும் விலையின்றிப் பெறலாம். பள்ளிக் கணிப்பொறியில் இறக்கி, ஓர் எழுத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு 4 மில்லிமீட்டருக்குச் சுருக்கி, எந்த அளவில் எந்த நுணுக்கம் காணாமல் போகிறது என்று அளவுகோலை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.